வருமானம் மாறினால் பிள்ளையின் பராமரிப்புத் தொகை என்னவாகும்? பிரிந்து வாழும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை போன அன்று ஒரு தகப்பனுக்கு ஆயிரம் கவலை. வாடகை, கடன் தவணை, அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்ற பயம். பிள்ளைக்கு மாதாமாதம் அனுப்பும் தொகையைப் பற்றி, "அவங்ககிட்ட பேசிக்கலாம், நிலைமை புரியும்" என்று நினைத்துவிட்டு அடுத்த கவலைக்குப் போய்விடுவார். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த நினைப்பில்தான் தொடங்கின.

நான் வக்கீல் இல்லை. பிரிந்து வாழும் பெற்றோருக்கு மனு எழுதவும், காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கவும் சில வருடங்களாக உதவி வருகிறேன். ஒருவர் என்னிடம் வந்தபோது, வேலை போய் 14 மாதங்கள் ஆகியிருந்தன. வேலை போன வாரமே முன்னாள் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்: "இனிமே பாதிதான் அனுப்ப முடியும்." அந்த அம்மாவும் "சரி" என்று பதில் போட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை நம்பி 14 மாதமும் பாதித் தொகையையே அனுப்பினார். பிறகு வேறு ஏதோ ஒரு விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. விடுபட்ட பணம் முழுவதையும் கேட்டு அந்த அம்மா நீதிமன்றம் போனார். ஏழு மாத முழுத் தொகைக்குச் சமமான நிலுவை. கைபேசியை என் பக்கம் திருப்பி, "பாருங்க, சரின்னுதானே சொல்லியிருக்காங்க" என்று அவர் திரும்பத் திரும்பக் காட்டினார். அந்தச் 'சரி'யால் உத்தரவில் இருந்த தொகை ஒரு பைசாகூட மாறியிருக்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை இதுதான். வருமானம் எந்த மாதமும் மாறலாம். உத்தரவு தானாக மாறாது. மாற்றச் சொல்லி ஒருவர் கேட்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக. பணம் பெறுபவருக்கும் இதே நிலைமைதான். பிள்ளை நடக்கப் பழகிய வயதில் நிர்ணயித்த தொகையையே உயர்நிலைப் பள்ளி வரை வாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் பலர். மறுபக்கத்தில் சம்பளம் மூன்று மடங்காகியிருக்கும். கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தியாவில் ஜீவனாம்சம், பராமரிப்புத் தொகை என்போம். இலங்கையில் தாபரிப்பு என்பார்கள். பெயர் எதுவானாலும் பணம் பிள்ளையுடையது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவும், பெற்றோரிடமிருந்து பராமரிப்பைப் பெற்றுத்தருவதை அரசுகளின் கடமையாகச் சொல்கிறது. அதனால்தான் தாயும் தகப்பனும் தங்களுக்குள் பேசி அதை விட்டுக்கொடுத்துவிட முடிவதில்லை.

முதல் படி: உங்கள் கையில் இருப்பது எந்த வகைக் காகிதம்?

பழைய உத்தரவை எடுத்து முழுவதும் படியுங்கள். தொகையை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அதைச் சுற்றி எழுதியிருக்கும் வரிகளில்தான் விஷயம் இருக்கும்.

நீதிமன்ற உத்தரவு என்றால் அதை மாற்ற நீதிமன்றத்துக்கே போக வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அரசு அமைப்பு ஒன்றே தொகையைக் கணக்கிடும். அங்கே பெரும்பாலும் அந்த அமைப்புக்குத் தகவல் கொடுத்தால் மறுகணக்கு நடக்கும். இருவரும் கையெழுத்திட்ட சமரச ஒப்பந்தம் நீதிமன்றப் பதிவில் ஏறியிருந்தால் அதுவும் உத்தரவு மாதிரிதான். வாய்ப்பேச்சில் நடக்கும் ஏற்பாட்டுக்கு எந்தப் பக்கமும் பிடிமானம் கிடையாது.

தொகை ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் உயரும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வருமான விவரங்களை வருடம் ஒருமுறை பரிமாறிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? தொகையை நிர்ணயித்தபோது இருவரின் வருமானமும் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். மாற்றம் நடந்ததா என்பதை அந்த எண்ணிலிருந்துதான் அளப்பார்கள். அது உத்தரவில் இல்லையென்றால், அப்போது தாக்கல் செய்த சம்பளச் சீட்டு அல்லது பிரமாணப் பத்திரத்தின் நகலைத் தேடி எடுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் ஊர் எந்த முறையில் கணக்கிடுகிறது?

ஒருவரின் வருமானம் மாறும்போது தொகை எவ்வளவு மாறும் என்பது, எந்த முறை பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது. உலகில் பரவலாக இருப்பவை சிலதான்.

முதலாவது, தருபவரின் வருமானத்தில் ஒரு சதவீதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிகர வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 25 சதவீதம். பிரிட்டனில் வாரத்துக்கு 800 பவுண்ட் வரையிலான மொத்த வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12, இரண்டுக்கு 16, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19 சதவீதம் என்பது அடிப்படை விகிதம். 800-ஐத் தாண்டிய வருமானத்துக்கு விகிதம் குறையும். இந்த முறையில் பெறுபவரின் சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் தொகை அசையாது. கனடாவிலும் 1997-இல் வந்த கூட்டரசு வழிகாட்டி நெறிகளின்படி அடிப்படைத் தொகை, தருபவரின் வருமானத்தை வைத்து அட்டவணையில் பார்ப்பதுதான். ஆனால் குழந்தைக் காப்பகம், மருத்துவம் போன்ற சிறப்புச் செலவுகளை இருவரும் வருமான விகிதத்தில் பங்கிட வேண்டும். அந்தப் பங்கீட்டில் பெறுபவரின் சம்பளமும் கணக்கில் வரும்.

இரண்டாவது, இருவரின் வருமானத்தையும் கூட்டிப் பங்கிடும் முறை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் நடப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2008 ஜூலை முதல் உள்ள சூத்திரமும் இதே எண்ணத்தில் அமைந்தது. தாயும் தகப்பனும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார்த்து, அதை அவரவர் வருமான விகிதத்தில் பிரிப்பார்கள்.

டெலவேர், ஹவாய், மொன்டானா ஆகிய மூன்று மாநிலங்களில் 'மெல்சன் சூத்திரம்' என்ற ஒன்று உண்டு. தருபவர் உயிர்வாழத் தேவையான தொகையை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு பிள்ளையின் அடிப்படைத் தேவையைப் பார்த்து, அதன்பின் மிச்சத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்குச் சேர்க்கும். மற்ற முறைகளிலும் மிகக் குறைந்த வருமானத்துக்கு இப்படி ஓர் அடித்தளம் வைத்திருப்பது வழக்கம்.

கடைசியாக, சூத்திரமே இல்லாத முறை. இந்தியா இதற்கு உதாரணம். பிள்ளையின் தேவை, இருவரின் வசதி, வாழ்ந்த தரம் எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். அங்கே நீங்கள் வைக்கும் ஆதாரம்தான் சூத்திரம்.

மூன்றாம் படி: உங்கள் மாற்றம் கணக்கில் எடுக்கப்படுமா?

மூன்று கேள்விகள் கேட்பார்கள். மாற்றம் பெரிதா? நீடிக்குமா? தானாகத் தேடிக்கொண்டதா?

எவ்வளவு பெரிது என்பதற்குச் சில இடங்களில் எண்ணே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஆண்டு மறுஆய்வு தானாக நடக்கும். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் வருமானம் குறைந்தது 25 சதவீதம் மாறியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் முன்பு கணக்கில் எடுத்த வருமானத்தைவிட 15 சதவீதமாவது சரிந்திருந்தால் நடப்பாண்டுக்கான மதிப்பீட்டைக் கொடுக்கலாம். டெக்சாஸில் உத்தரவு வந்து மூன்று வருடம் ஆகி, புதிய கணக்குக்கும் பழைய தொகைக்கும் 20 சதவீதமோ 100 டாலரோ வித்தியாசம் வந்தால் மறுஆய்வுக்குப் போகலாம். சூழ்நிலை கணிசமாக மாறியிருந்தால் மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை. இந்தியாவில் எண் எதுவும் இல்லை. 'சூழ்நிலை மாற்றம்' நிரூபிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் இருக்கிறது.

நீடிக்குமா என்ற கேள்விக்கு, இரண்டு வாரம் சம்பளம் தாமதமானது பதில் ஆகாது. ஆலை மூடியது, ஆட்குறைப்பு, நீண்ட நோய், விபத்து, ஊதிய வெட்டு ஆகியவை நிற்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேண்டுமென்றே வேலையை விட்டவருக்கும், தகுதிக்கு மிகக் குறைந்த வேலையைக் காரணமின்றிப் பிடித்தவருக்கும், அவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானத்தை அவர் பெயரில் ஏற்றிக் கணக்கிடுவார்கள். இதை ஊகித்த வருமானம் என்று சொல்லலாம். கனடாவின் வழிகாட்டி நெறிகளில் 19-ஆம் பிரிவு முழுக்க இதற்கானது. உடல் வலுவுள்ள தகப்பன் வருமானம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்பது இந்திய நீதிமன்றங்கள் பல தடவை சொன்ன விஷயம். சிறைவாசம் இதில் தனி ரகம். அமெரிக்கக் கூட்டரசு 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, சிறையில் இருப்பதைத் தானாக வேலையை விட்டதாகக் கருதக் கூடாது.

படிப்புக்காக வேலையை விட்டவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "நாளைக்கு அதிகம் சம்பாதிச்சா பிள்ளைக்குத்தானே நல்லது?" நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளைக்கு இந்த மாதம் பசிக்கும். படிப்பு குறுகியதா, வேலைக்கு உறுதியான வழியா, அதுவரை பகுதிநேரமாக ஏதாவது சம்பாதிக்கிறாரா என்பதைக் காட்ட முடிந்தால் ஓரளவு காது கொடுப்பார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மறுமணம் செய்தவரின் புதிய துணையின் சம்பளம் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. புதிதாகப் பிறந்த பிள்ளை சேரலாம். பிரிட்டனின் கணக்கில் தருபவரின் வீட்டில் வாழும் மற்றப் பிள்ளைகளுக்காக வருமானத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டே தொகையைப் பார்ப்பார்கள்.

நான்காம் படி: நீங்களே ஒருமுறை கணக்குப் போடுங்கள்

மனு போடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இதைச் செய்யாமல் மனு போட்டு, எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே உள்ளது இருவரின் வருமானத்தையும் கூட்டிப் பங்கிடும் முறை. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் அட்டவணையில் வேறு எண்கள் இருக்கும். போக்கு இதுதான்.

பிள்ளை தாயிடம் வளர்கிறது. தகப்பனின் மாத வருமானம் 60,000. தாயின் வருமானம் 40,000. கூட்டினால் 1,00,000. அந்த வருமானமுள்ள குடும்பம் ஒரு பிள்ளைக்கு மாதம் 20,000 செலவழிக்கும் என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். தகப்பனின் பங்கு 60 சதவீதம், அதாவது 12,000. அதை அவர் அனுப்புவார். தாயின் பங்கான 8,000 அவர் கையாலேயே வீட்டில் செலவாகிவிடும்.

தகப்பனின் சம்பளம் 40,000-ஆகக் குறைகிறது. கூட்டு வருமானம் 80,000. அட்டவணைச் செலவு 17,000 என்போம். 16,000 ஆகாமல் 17,000-இல் நிற்பதைக் கவனியுங்கள். வருமானம் குறையும்போது பிள்ளைக்கான செலவு அதே வேகத்தில் குறையாது. பாலும் புத்தகமும் சம்பளத்தைப் பார்த்து விலை குறைத்துக்கொள்வதில்லை. இப்போது தகப்பனின் பங்கு பாதி, 8,500. வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. தொகை சுமார் 29 சதவீதம் விழுந்தது. இதே ஆள் டெக்சாஸ் போன்ற 20 சதவீத முறையில் இருந்தால் 12,000 நேராக 8,000 ஆகியிருக்கும்.

அடுத்தது, பலரை ஆச்சரியப்படுத்தும் கணக்கு. தகப்பனின் 60,000 அப்படியே இருக்க, தாய்க்குப் பதவி உயர்வு கிடைத்து 60,000 ஆகிறது. "அவங்களும் என் அளவுக்குச் சம்பாதிக்கிறாங்க, நான் கட்டுறது நல்லாக் குறையணும்" என்று ஓடி வருவார்கள். கூட்டு வருமானம் 1,20,000. செலவு 23,000. பாதி 11,500. தகப்பனுக்குக் குறைந்தது வெறும் 500. தாயின் வருமானம் கூடியதும் பிள்ளையின் வாழ்க்கைத் தரமும் கூடியதாகவே அட்டவணை எடுத்துக்கொள்கிறது. தகப்பனின் பங்கு விகிதம் குறைந்தாலும், பங்கிட வேண்டிய தொகை பெருத்துவிட்டது. இந்த 500-க்காக வக்கீல் கட்டணமும் லீவும் செலவழிக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தாயின் வேலை போகிறது. அவர் வருமானம் பூஜ்யம். கூட்டு வருமானம் 60,000, செலவு 13,500, முழுவதும் தகப்பன் பங்கு. 12,000-இலிருந்து 13,500. தாயின் வீட்டில் 40,000 நின்றுபோயிருக்கிறது, வருவது 1,500 மட்டும். இந்தக் கணக்கைப் பார்த்து ஒரு தாய் என் எதிரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் சொல்ல எதுவும் இல்லை. பராமரிப்புத் தொகை ஒரு வீட்டின் இழந்த சம்பளத்தை ஈடுகட்டும் ஏற்பாடாக அமைக்கப்படவில்லை. அந்த நிலையில் துணைவருக்கான பராமரிப்பு, அரசு உதவி, சிறப்புச் செலவுப் பங்கீடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

தகப்பனின் வருமானம் 90,000 ஆனால்? கூட்டு வருமானம் 1,30,000, செலவு 24,500, அவருடைய பங்கு 69 சதவீதத்துக்குச் சற்று மேல். தொகை சுமார் 16,960. சம்பளம் பாதி மடங்கு கூடினால் தொகை 41 சதவீதம் கூடுகிறது. தாய் கேட்கத் தாமதித்த ஒவ்வொரு மாதமும் பிள்ளை கிட்டத்தட்ட 5,000-ஐ இழந்திருக்கிறது.

பிள்ளை இருவர் வீட்டிலும் மாறி மாறித் தங்கினால் இரவுகளின் எண்ணிக்கையும் சேரும். பிரிட்டனில் வருடத்துக்கு 52 இரவு தருபவரிடம் தங்கினாலே ஏழில் ஒரு பங்கு குறையும். கனடாவில் பிள்ளை 40 சதவீத நேரமாவது தருபவரிடம் இருந்தால்தான் கணக்கு மாறும். வருமானம் மாறும்போது தங்கும் நாட்களும் மாறியிருந்தால் இரண்டையும் ஒரே மனுவில் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வருமானம் என்றால் எதெல்லாம்?

சம்பளக்காரர்களுக்கு இது எளிது. அடிப்படைச் சம்பளம், படிகள், போனஸ், மிகைநேர ஊதியம், வாடகை, வட்டி, ஓய்வூதியம், வேலையிழப்பு உதவித்தொகை எல்லாம் பொதுவாகச் சேரும். போனஸும் மிகைநேர ஊதியமும் வருடாவருடம் வந்தால் வழக்கமான வருமானம். ஒரே ஒரு வருடம் வந்தது என்றால் அப்படியே எடுக்க மாட்டார்கள். ஆட்குறைப்பின்போது மொத்தமாகக் கொடுத்த பணத்தை அத்தனை மாதச் சம்பளமாகப் பிரித்துப் பார்ப்பதுண்டு. கையில் ஆறு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, மறுநாளே வருமானம் பூஜ்யம் என்று மனு போட்டால் முதல் கேள்வியிலேயே தடுமாற வேண்டியிருக்கும்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் விஷயத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வரிக் கணக்கில் காட்டும் லாபமும் பராமரிப்புக்கான வருமானமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தேய்மானம் என்று வரித்துறை ஏற்றுக்கொள்ளும் கழிவை நீதிமன்றம் திருப்பிச் சேர்க்கலாம், ஏனென்றால் அந்தப் பணம் பையை விட்டுப் போகவில்லை. தொழில் பெயரில் வாங்கி வீட்டுக்குப் பயன்படும் கார், கைபேசிக் கட்டணம், உறவினருக்குச் சம்பளம் என்று எழுதிய தொகை ஆகியவையும் இப்படித்தான். ஒரு மாதம் நிறைய, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்ற ரகத்துக்கு ஒரே வருடத்தை வைத்து முடிவெடுக்காமல், கனடாவில் போல மூன்று வருடப் போக்கைப் பார்ப்பது வழக்கம். வாடகைக்கார் ஓட்டுபவர்கள், செயலி வழியாக வேலை செய்பவர்கள் மாதவாரியாக வரவையும் எரிபொருள், பராமரிப்புச் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆறாம் படி: காகிதங்களைச் சேருங்கள்

வேலை முடிந்த கடிதம் அல்லது ஊதியக் குறைப்புக் கடிதம். மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய மாதங்களும் சேர்ந்த சம்பளச் சீட்டுகள். இரண்டு மூன்று வருட வரிக் கணக்கு. எல்லா வங்கிக் கணக்குகளின் அறிக்கை. ஒரு கணக்கை மறைத்து அது வெளியே வந்தால் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். நோய் என்றால் மருத்துவர் எழுதிய சான்று, அதில் எவ்வளவு காலம் வேலை செய்ய இயலாது என்ற வரி இருக்க வேண்டும். வேலை தேடியதற்கான சான்று: அனுப்பிய விண்ணப்பங்கள், வந்த பதில்கள், தேதியோடு.

பெறுபவர் பக்கத்தில் பிள்ளையின் செலவுப் பட்டியல்தான் உயிர்நாடி. ஒரு தாய் மூன்று வருடக் கட்டண ரசீதுகளை மாதவாரியாகத் துளையிட்டு நூலில் கோத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கட்டின் மேலும் சின்ன வெள்ளைத் தாளில் மொத்தத் தொகை. அன்று அந்த மேஜையில் வாதத்துக்கு இடமே இருக்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று வழங்கிய தீர்ப்பில், பராமரிப்பு வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கி, அதன் மாதிரிப் படிவத்தையும் இணைத்தது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அப்படியொரு பட்டியலை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

ஏழாம் படி: பேசுங்கள், பேசியதைப் பதிவாக்குங்கள்

வேலை போனது தெரிந்த வாரத்திலேயே மறுதரப்புக்கு எழுத்தில் சொல்லுங்கள். சண்டைக்கான தொனி வேண்டாம். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, இப்போது வருமானம் எவ்வளவு, எவ்வளவு அனுப்ப முடியும், ஆதாரம் இணைப்பில். இவ்வளவு போதும். கனடாவில் இதற்குச் சட்டரீதியான எடையும் உண்டு. வருமானம் குறைந்ததை ஆதாரத்தோடு தெரிவித்த தேதியைத் தொகையைக் குறைக்கும் தேதியாக ஏற்பதற்கு அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2021-இல் வழி சொல்லியிருக்கிறது. மறைத்தவருக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது.

மறுதரப்பு ஒத்துக்கொண்டால் அதோடு நிற்காதீர்கள். இருவரும் கையெழுத்திட்டு, கூட்டு மனுவாக நீதிமன்றத்திலோ அந்த அரசு அமைப்பிலோ பதிவு செய்து புதிய உத்தரவாக வாங்குங்கள். முதலில் சொன்ன அந்தத் தகப்பன் தாண்டாத படி இது ஒன்றுதான். ஒத்துக்கொள்ளாவிட்டால் சமரச மையத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அது முடியட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

எட்டாம் படி: உடனே மனு போடுங்கள்

அமெரிக்காவில் 1986-இல் வந்த பிராட்லி திருத்தத்தின்படி, கட்டவேண்டிய தேதி கடந்த ஒவ்வொரு தவணையும் தீர்ப்பான கடன் ஆகிவிடும். பின்னோக்கிப் போய் எந்த நீதிபதியும் அதைக் குறைக்க முடியாது. மாற்றக் கோரும் மனுவை மறுதரப்புக்கு அறிவித்த தேதி வரைக்கும்தான் பின்னால் போகலாம். பத்து மாதம் மருத்துவமனையில் படுத்திருந்தாலும் இதுதான் நிலைமை. கொடுமையாகத் தோன்றலாம், எனக்கும் சில வழக்குகளில் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்கி வாடகை கட்டிய இன்னொரு வீடும் இருக்கிறது.

தொகையைக் கூட்டக் கேட்பவருக்கும் தேதி முக்கியம். இந்தியாவில் 2020 தீர்ப்புப்படி பராமரிப்பு, மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து வழங்கப்பட வேண்டும். கனடாவில் பின்னோக்கிக் கேட்கலாம் என்றாலும், முறைப்படி அறிவித்ததற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மேல் பொதுவாகப் போவதில்லை. இந்தியாவில் நிலுவையை வசூலிக்கவும் ஒரு கெடு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவென்றால், தொகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். "பெரிசா சேரட்டும், மொத்தமாக் கேட்டுக்கலாம்" என்று காத்திருந்து பழைய மாதங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா ஆதாரமும் சேரவில்லை என்றாலும், இருப்பதை வைத்து மனு போட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு சேர்க்க அனுமதி கேட்கலாம். இழந்த தேதியைத் திரும்ப வாங்க முடியாது.

ஒன்பதாம் படி: வழக்கு நடக்கும்போது

பழைய உத்தரவு அமலில்தான் இருக்கிறது. முழுத் தொகையும் முடியாவிட்டாலும் முடிந்ததை அதே தேதியில், வங்கி வழியாக, "பிள்ளை பராமரிப்பு, இன்ன மாதம்" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குச் செருப்பும் சைக்கிளும் வாங்கிக் கொடுத்ததைத் தொகையில் கழித்துக்கொள்ளவும் வேண்டாம், பெரும்பாலும் அது அன்பளிப்பாகத்தான் கருதப்படும். சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தால், புதிய வேலைக்கு மாறியதும் அதைத் தெரிவியுங்கள். இடையில் விட்டுப்போகும் இரண்டு மாதம்கூட நிலுவைதான்.

பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்க விடாமல் தடுப்பதும், பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டு தரப்பும் செய்யும் தவறு. நீதிமன்றங்கள் இவற்றைத் தனித்தனி விஷயங்களாகவே பார்க்கும்.

தற்காலிகக் குறைப்பு கேட்டு இடைக்கால மனுவும் போடலாம். விசாரணையில் நீதிபதி எதிர்பார்ப்பது நீண்ட கதை இல்லை. அன்று எவ்வளவு, இன்று எவ்வளவு, ஏன், எப்போது சரியாகும். நான்கு வரியில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

பெறுபவருக்கு: மறுபக்கத்தின் வருமானம் கூடியதை எப்படித் தெரிந்துகொள்வது?

சமூக ஊடகத்தில் போட்ட புதுக் காரின் படம் சந்தேகத்துக்குப் போதும், நிரூபிக்கப் போதாது. கனடாவில் வருடம் ஒருமுறை வருமான விவரம் கேட்டு எழுதும் உரிமை பெறுபவருக்கு உண்டு. மற்ற இடங்களில் மனுவோடு சேர்த்து, வேலை தரும் நிறுவனத்திடமிருந்து சம்பள விவரத்தையும் வங்கி அறிக்கையையும் வரவழைக்க உத்தரவு கேட்கலாம். பதவி, அனுபவம், தொழிலின் பெயர், சொத்து வாங்கிய பதிவு ஆகியவற்றைத் தேதியோடு குறித்துத் தாருங்கள். விவரம் தர மறுப்பவருக்கு எதிராக நீதிமன்றம் தானே ஒரு வருமானத்தை ஊகித்துக்கொள்ளும்.

வருமானத்தோடு பிள்ளையின் வயதையும் எழுதுங்கள். ஐந்து வயதுச் செலவும் பதினைந்து வயதுச் செலவும் ஒன்றில்லை. மறுபக்கத்துச் சம்பளம் அதிகம் உயராவிட்டாலும் இது தனியாக நிற்கக்கூடிய காரணம்.

புதிய உத்தரவு வந்தபிறகு

தொகை, அமலாகும் தேதி, நிலுவையை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்ற மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். தேதி தவறி அச்சாகியிருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். தற்காலிகக் குறைப்பு என்றால் அது முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் பழைய தொகை தானாகத் திரும்பலாம்.

வேலை திரும்பக் கிடைத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். 14 மாத நிலுவையோடு வந்த அந்தத் தகப்பனுக்கு நிலுவை குறையவில்லை. மாதாமாதம் சிறு தவணையாகக் கட்ட அனுமதி கிடைத்தது. மனு போட்ட நாளிலிருந்து தொகை மட்டும் குறைந்தது. அடுத்த வருடம் வேறு வேலை கிடைத்தபோது முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்றே அதன் நகலோடு வந்தார். எந்தப் படிவம், எந்த முகவரி என்று கேட்டு எழுதிக்கொண்டார். முன்னாள் மனைவிக்கும் ஒரு நகலை அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியின் தேதி தெரியும்படி திரையைப் படம் எடுத்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.